கொதியில் நின்ன பலகை

“ஏட்டி, எது நின்னுச்சு?”ன்னு கேக்கான். கேக்கும்போது என் மூஞ்சியப் பாத்தா கொறஞ்சா போவான்? ப்ளைவுட் பலகையப் பாத்துக்கிட்டே கேக்கான். இடது கைப்பக்கம் ஒரு அடுக்கு, வலது கைப்பக்கம் ஒரு அடுக்கு, நடுவுல நான். ரெண்டு அடுக்கும் ஆள் ஒசரம். ரெண்டுலயும் செவப்பு மையில மெரைன்னு, கடத்தண்ணிக்குத் தாங்குமாம், முத்திரை, ரெண்டும் ஒரே நெறம், ஒரே கனம், ஒரே வெல. கடைக்காரர் ஆவுடையப்பன் ஸ்டூல்ல உக்காந்து காலாட்டிக்கிட்டு, “ரெண்டும் தங்கம்க்கா, மில்லுதான் வேற வேற, கண்ண மூடிட்டு எடுங்க”ங்காரு. கண்ண மூடிட்டு எடுக்கதுக்கு இது என்ன தலகாணியா? கடல்ல கெடக்கப்போற சாமான். நான் வாயத் தொறந்தேன். சத்தியமா தொறந்தேன், முத எழுத்து நாக்கு நுனியில வந்து நிக்குது, அப்பப் பாத்து அவன் போனு அலறுது. வள்ளம் கட்டுத ஓடாவி இன்னாசி. சட்டமெல்லாம் நிறுத்தியாச்சு, பலக எப்ப வரும்னு கேக்காரு போல. “இரு, வந்து கேக்கேன்”னு கையக் காட்டிட்டு என் புருசன் கஸ்பார் கடை வாசலுக்குப் போயிட்டான். போ. நீ வாரவரைக்கும் பதில வெத்தில மாதிரி கொடுப்புல அதக்கிக்கிட்டு நிக்கேன். எனக்கென்ன அவசரம். இந்தப் பசை வாடதான் தாங்கல, கண்ணு கரிக்குது. அழுவுதாளோன்னு நெனச்சிரப்போறாரு ஆவுடையப்பன். அழுவேனா நான்? அதெல்லாம் பியூலாவோட முடிஞ்சுபோச்சு.

இதே வாடதான் முந்தாநாளு வீடு பூரா. எங்க ஊர்ல முத்திரைய எவனும் நம்பமாட்டான். முத்திர குத்துத கட்டைய எவன் வேணா செஞ்சிரலாம்லா. கடையில ஆளுக்கொரு துண்டு அறுத்து வாங்கிட்டு வருவாங்க, வீட்டுப் பொம்பளைட்ட குடுத்து “வேக வையி”ன்னுருவாங்க. பானை நெறயத் தண்ணிய விட்டு, துண்ட உள்ள போட்டு, கல்லத் தூக்கி மேல வச்சு, தண்ணி வத்த வத்த ஊத்திக்கிட்டே, வெறவத் தள்ளித் தள்ளி ஒரு பொழுது பூரா வேகவிடணும். மட்டமான பலகன்னா பசை விட்டுரும், அடுக்கு அடுக்கா வாயப் பொளந்துரும். நல்ல பலக நிக்கும். அது வேகும்போது கடலுக்குப் போற ஆம்பள எட்டிப் பாக்கக் கூடாது, பாத்தா வள்ளம் வெளங்காதாம். வெந்த துண்ட வச்சுக்கவும் கூடாது, அதே அடுப்புல போட்டு எரிச்சிரணும். பொறவு கடையில பலகைக்கு முன்னால நின்னு பொம்பள வாயால சொல்லுததுதான் தீர்ப்பு. எவன் ஏற்படுத்துன வழக்கமோ, அவன் பொண்டாட்டி அவன்மேல ரொம்பப் பிரியமா இருந்திருப்பா. இவன் ரெண்டு துண்டு கொண்டாந்தான். ஒண்ணுல ஆணியால ஓட்ட போட்டிருந்தான், அது இந்த இடது அடுக்கு. இன்னொண்ணு சும்மா துண்டு, அது வலது. பானையில ரெண்டும் கெடந்து கொதிக்கி, நான் முன்னால குத்தவச்சு உக்காந்திருக்கேன், கட்டங்காப்பியில கூட அந்தப் பசை ருசி. பொழுது சாயுத நேரத்துல இடுக்கியால தூக்குனேன். ஓட்ட போட்ட துண்டு கல்லு மாதிரி. கத்தியக் குடுத்து நெம்புனேன், ம்ஹூம், அசையல. சும்மா துண்டு கையில எடுத்ததுமே நாலா விரிஞ்சு தொங்குச்சு, பழைய வேதபொஸ்தகம் மழையில நனஞ்சாக்குல. பொறவு ரெண்டையும் அடுப்புல தள்ளிட்டேன். வழக்கம்தான், வேறொண்ணும் நெனச்சுச் செய்யல. ஆனா துண்டு தீப்பிடிச்சு நல்லா எரியும்போது, ஒரு நெனப்பு வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு. இப்ப எது நின்னுச்சுன்னு இந்த ஒலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீதான் கித்தேரின்னு அது சொல்லுது.

மத்தவ புருசனா இருந்தா பொண்டாட்டி சொன்னதக் கேட்டுட்டு அந்தாக்குல எடுத்துட்டுப் போயிருவான். இவன் போவானா? நான் கெழக்குன்னா இவன் மேக்கு. கல்யாணமான புதுசுல எனக்கு வெளங்கல, லூசுப் பயலோன்னு நெனச்சேன். கெணத்த இங்க தோண்டாதிங்க, உப்பு ஊறும்னேன். அங்கதான் தோண்டுனான். இன்னைக்கும் அந்தத் தண்ணியில பல்லுகூட வெளக்க முடியாது. அந்தத் தரகன நம்பாதிங்கன்னேன். அவனுக்கே வருசக்கணக்கா மீனப் போட்டான். கொழம்புல உப்புப் போதும்னு சொன்னாப் போதும், எந்திரிச்சுப் போயி ஒரு கை அள்ளிப் போடுவான், போட்டுட்டு முழுங்க முடியாம முழுங்குவான். அட எளவே, இப்படியும் ஒரு மனுசனா! பொறவுதான் வித்தை புடிபட்டுச்சு. எங்கம்மா வீட்டுக்குப் போணும்னா, “இந்த வருசம் திருவிழாவுக்கு எனக்கு எங்கயும் போக இஷ்டமில்ல”ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன். “நீ யாருட்டி சொல்லுததுக்கு, கெளம்பு”ம்பான். அடுக்களையில சன்னல் வேணும்னா, “சன்னல் எதுக்கு, பூன வரும்”பேன். மறுநாளே கொத்தனாரு சுவர இடிப்பாரு. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்கூட்டியே போனது அப்படித்தான், இந்தக் காதுல கெடக்க கம்மலும் அப்படித்தான். என் வாழ்க்கைய நான் பொறத்தால பொறத்தால நடந்தே நடத்தியிருக்கேன். ஊர்ல அவன் பேரு கண்டிப்பான ஆளு. நெனச்சா சிரிப்பு வருது. கண்டிப்பான ஆள நான் மூக்கணாங்கயிறு போட்டுல்லா இழுத்துக்கிட்டு அலஞ்சேன். ஒரே ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாளு. அதுக்குள்ள போகக் கூடாதுன்னு நெனச்சாலும் காலு அங்கதான் போகுது. எம்பிள்ள பியூலாவுக்குக் காச்சல். ரெண்டாங்கிளாஸ் படிச்சா. காச்சல்னா சும்மா காச்சல் இல்ல, கழுத்து வெறச்சுக்கிட்டு, கண்ண மேல சொருகுதா, வாய்க்குள்ள ஏதோ பாட்டு மாதிரி முனங்குதா. நான் தூக்கிட்டு ஓடி வாறேன், இவன் அப்பந்தான் சோத்துக்கு உக்காந்திருக்கான். “இஞ்ச பாருங்க, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், இது வேற மாதிரி இருக்கு, எனக்குப் பயமா இருக்கு”ன்னேன். நேராச் சொல்லிட்டேன். பாவி, நேராச் சொல்லிட்டேன். வித்தையெல்லாம் மறந்துபோச்சு. ஒரு வார்த்த, “ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம், கசாயம் வச்சாச் சரியாப் போயிரும்”னு சொல்லியிருந்தா, சோத்துத் தட்ட எத்திவிட்டுட்டு அவளத் தோள்ல தூக்கிட்டுப் பறந்திருப்பான். சொல்ல வரலையே. பிள்ள கண்ணு சொருகும்போது எவளுக்கு வித்த ஞாபகம் வரும்? அவன் என்னப் பாத்தான், பிள்ளயப் பாத்தான், “காச்சல்னா காச்சல்தான், விடிஞ்சு பாத்துக்கிடுவோம்”னு சொல்லிட்டு மீனுல முள்ளு எடுத்தான். மெதுவா. ஒவ்வொரு முள்ளா எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா வச்சான். நான் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ புடிச்சு, போய்ச் சேருததுக்குள்ள மடியிலயே முனங்கல் நின்னுபோச்சு. டாக்டரு பொம்பளதான், சின்ன வயசு, அவ கேட்டா, “கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதாம்மா?” கொஞ்சம்னா எவ்வளவும்மா? ஒரு மனுசன் ஒரு துண்டு சீலா மீனு திங்கித நேரமா? அடக்கத்துல இவன்தான் பெரிய அழுக. குழிக்குள்ள விழப்போனான், நாலு பேரு புடிச்சாங்க. பொம்பளைங்கல்லாம் என்னப் பாத்து, “ஏ கித்தேரி, அவரக் கொஞ்சம் தேத்துளா”ங்காளுக. தேத்துனேன். என் மடியில தலய வச்சுக்கிட்டு அழுதான். அப்பவும் எனக்கு என்ன நெனப்புங்கிங்க? மாத்திச் சொல்லியிருக்கலாமே, மாத்திச் சொல்லியிருக்கலாமேன்னுதான். அவன் புத்தி அப்படி, அது மாட்டுப் புத்தி, கயிறு என் கையிலல்லா இருந்துச்சு, நான்தான் விட்டுட்டேன். அன்னையிலேருந்து ஒவ்வொரு சோத்து வேளையும் அதே நெனப்பு. அவன் முள்ளு எடுக்கத நின்னு பாத்துக்கிட்டே கொழம்பு ஊத்துவேன்.

வாசல்ல சத்தம் கூடுது. ஓடாவிட்ட ஏதோ தர்க்கம். ஓடாவி பக்கவாட்டுப் பலக பத்தாதுங்காரு போல, இவன் போதும்ங்கான். அவருட்டயும் மேக்குதான். இவன் கூட வள்ளத்துல ஏற ஊர்ல ஒரு ஆளு கெடையாது. அண்ணன் தம்பிக்குள்ள இருந்த பங்கு வள்ளத்தையும் சண்ட போட்டு முறிச்சாச்சு. அதுக்குத்தான் இந்தச் சின்ன வள்ளம், ஒத்தையாளு வள்ளம். நல்லது. நான் அதையும் நெனச்சுப் பாத்தேன். அடுப்புக்கு முன்னால உக்காந்து எல்லாத்தையும் நெனச்சுப் பாத்தேன். அடுத்தவ பிள்ள எதுவும் அதுல ஏறாது. வலது அடுக்க வச்சுக் கட்டுனாலும் மொதல்ல ஒண்ணும் தெரியாது. மேல பைபர் பூசிருவாங்க, பச்சப் பெயிண்ட் அடிப்பாங்க, சாமியாரு வந்து தண்ணி தெளிப்பாரு, மணப்பொண்ணு மாதிரி மினுமினுன்னு நிக்கும். மாசக்கணக்கா ஓடும். பொறவு எங்கயோ ஒரு ஆணி ஓரத்துல தண்ணி உள்ள போவும், போயி பசைய நக்கிக்கிட்டே கெடக்கும். கச்சான் காத்து அடிக்கித, கடலு பொங்குத மாசம் வரும். கர கண்ணுக்குத் தெரியாத தூரத்துல, அடிப்பலக மெத்து மெத்துன்னு காலுக்குக் கீழ அமுங்கும். அப்ப அவன் குனிஞ்சு பாப்பான். அந்த நேரத்துல என்ன நெனப்பான்? நீச்ச தெரியும் அவனுக்கு, நல்லாவே தெரியும், அதுதான் எனக்குப் பிடிச்சது. ரொம்ப நேரம் நீந்துவான். நீந்த நீந்த யோசிக்க நேரம் இருக்கும்லா. முங்குத நேரத்துல ஒரு மீன் முள்ளாவது ஞாபகம் வரும்லா. இத நெனக்கும்போது நெஞ்சுல குளுகுளுன்னு இருக்கு, வெயில்ல நுங்கு சாப்பிட்டாக்குல. சே, என்ன பொம்பள நீ? ஒன்னய மாதிரி ஒருத்தி கோயில்ல முன்வரிசையில முட்டி போட்டு, நாக்க நீட்டி நன்ம அப்பம் வாங்குதா. ஆனா பாவசங்கீர்த்தனத்துல என்னன்னு சொல்ல? சாமி, எம்புருசன் எது நல்ல பலகன்னு கேட்டாரு, நான் நல்ல பலகயக் காட்டுனேன்னா? அதுக்குச் சாமியாரு என்ன அபராதம் குடுப்பாரு? ஏன்னா நான் பொய் சொல்லப்போறதில்ல. அதுல்லா விசயம். பொய் சொல்லவே வேண்டாம். இடதுன்னு உண்மையச் சொன்னாப் போதும், வலத எடுத்துருவான். நேராச் சொல்லி எம்பிள்ள போனா. அதே மாதிரி நேராச் சொல்லியே அவனையும் அனுப்புதேன். என் கையில ஒரு பொட்டு அழுக்குப் படாது.

வந்துட்டான். “கெழட்டு மூதி, எனக்கே கணக்கு சொல்லித் தாரான்”னுட்டு போனச் சட்டப்பையில போடுதான். அந்தச் சட்டையில பை கிழிஞ்சிருந்துச்சு, நான்தான் போன வாரம் தச்சேன். என்ன கூத்து பாருங்க, முங்கப்போறவனுக்குப் பை தச்சிருக்கேன். வெயிலுக்குக் கழுத்துப் பொறத்துல தோலுரிஞ்சு கெடக்கு. தேங்காண்ண தடவச் சொல்லணும். சொன்னாத் தடவமாட்டான். வலது அடுக்குப் பக்கம் போயி மேல கெடக்க பலகய முட்டியால தட்டுதான், டொக் டொக், காத வச்சுக் கேக்கான், பெரிய டாக்டரு. இடதுல வந்து தட்டுதான். அதே டொக்குதான் முட்டாளே, தட்டுனா எதுவும் தெரியாது, வேக வச்சாத்தான் தெரியும். பேச்சிமுத்துன்னு லோடு ஏத்துத ஆளு தலத் துண்டு கட்டிக்கிட்டு வந்து நிக்கான். “எதண்ணே தூக்க?” ஆவுடையப்பன் கொட்டாவி விடுதாரு. வேண்டாம், வேண்டாம்னு ஒரு கொரலு. யாரு அது? அதுவும் நான்தான். ஏ கித்தேரி, வலதுன்னு சொல்லிரு. வலதுன்னு சொன்னா இடத எடுப்பான், பொழச்சிருவான், ஒரு பொய்யில ஒரு உசிரக் காப்பாத்துன புண்ணியம். அந்தப் பொய்ய அன்னைக்கு எம்பிள்ளைக்குச் சொல்லாதவ, இன்னைக்கு இவனுக்குச் சொல்லணுமா? நல்லாருக்கே நியாயம்!

“சொல்லுட்டி, எது நின்னுச்சு?”

“இடது”ன்னேன். “ஓட்ட போட்ட துண்டு நின்னுச்சு. மத்தது வெரல் வைக்கவும் பிரிஞ்சிட்டு.” சொல்லிட்டேன். ஒரு எழுத்துக் கூட்டல, ஒரு எழுத்துக் கொறைக்கல. மாதாவே, நீயே சாட்சி.

“அப்ப அதத் தூக்குல”ன்னு பேச்சிமுத்துட்டச் சொல்லுதான். இடதக் காட்டுதான். கையி இடதுல இருக்கு. நான் அவன் கையப் பாக்கேன். ஏதோ தப்பா நீட்டுதான், இப்பத் திருப்புவான்னு பாக்கேன். திருப்பல. பேச்சிமுத்தும் இன்னொரு ஆளும் இடது அடுக்குலேருந்து ஒரு பலகயத் தூக்கி வெளிய நிக்க குட்டியான வண்டியில வச்சாச்சு, அடுத்ததுக்கு வாறாங்க. என்னால நம்ப முடியல. எனக்கே தெரியாம வாயி கேட்டுட்டு, “நான் சொன்னதயா எடுக்கிங்க?” அவன் சிரிக்கான். பல்லு தெரியச் சிரிக்கான், எத்தன காலத்துக்குப் பொறவு என் மூஞ்சியப் பாத்து. “பின்ன? உசிரு விசயம்லாட்டி, இதுலயுமா வெளையாடுவாங்க? நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருசத்துல நீ சொன்னது எது தப்பாப் போச்சு?” சொல்லிட்டு, தீப்பெட்டி இருக்கான்னு ஆவுடையப்பன்ட்டக் கேக்கான்.

எனக்குக் காதுல ஒண்ணும் விழல. வாய் மட்டும் அசையுது அவனுக்கு. தெரியுமா? தெரியுமா ஒனக்கு? கெணத்துல உப்பு ஊறும்னு தெரியும். தரகன் களவாணின்னு தெரியும். கொழம்புல உப்புப் போதும்னு தெரியும், தெரிஞ்சேதான் அள்ளிப் போட்ட. அப்ப மாட்டுப் புத்தி இல்ல. மூக்கணாங்கயிறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, நான்தான் கயிறப் புடிச்சிருக்கதா நெனச்சுக்கிட்டுத் திரிஞ்ச பைத்தியக்காரி. அப்ப அன்னைக்கு? “இது வேற மாதிரி இருக்கு”ன்னு நான் சொன்னேன்லா. என்னப் பாத்த. பிள்ளயப் பாத்த. நான் சொன்னது சரின்னு அந்த நிமிசமே ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடுத்த முள்ள எடுத்த. ஒன் உசிருன்னா உசிரு விசயம். அவ உசிரு எனக்கும் ஒனக்கும் நடுவுல கெடந்த ஒரு வெளையாட்டு, அதுல நீ தோக்கக் கூடாது. நான் மாத்திச் சொல்லியிருந்தா, எனக்கு எதிராப் போகணும்னாவது நீ அவளத் தூக்கிட்டு ஓடியிருப்பன்னு இத்தன வருசம் என் நெஞ்சுலயே குத்திக்கிட்டேனே. என் நாக்க அறுத்துப் போடலாம்னு எத்தன நாளு உக்காந்திருந்தேன். என் நாக்குல ஒரு குத்தமும் இல்ல. அய்யோ எம்பிள்ளே, ஒங்கம்மா நாக்குல ஒரு குத்தமும் இல்ல. அவனுக்குத் தெரியும்டி. அவனுக்குத் தெரியும்.

வண்டியில பாதி ஏத்தியாச்சு. அவன் டயரு மேல ஒரு கால வச்சுப் பீடி குடிக்கான். நான் சொன்னா இப்ப நம்புவான். என்ன சொன்னாலும் நம்புவான். இந்த ஒரு காரியத்துல நான் அவனுக்கு வேதவாக்கு. அது என் நெஞ்சுல ஏற ரொம்ப நேரம் ஆவல. பாவசங்கீர்த்தனம், நன்ம, முன்வரிசை, எல்லாம் ஒரு ஓரமாப் போயி நின்னுக்கிட்டு, பொட்டு அழுக்குப் படாதுன்னு சொன்னேன்லா, அந்தச் சுத்தத்தையும் சீலையாட்டம் கழட்டி வச்ச மாதிரி ஆயிட்டு. நான் நடந்து போயி அவன் பக்கத்துல நின்னேன்.

“இஞ்ச பாருங்க. தப்பாச் சொல்லிட்டேன்.”

“என்னட்டி?”

“இந்த வாட தலைக்கு ஏறி என்னமோ கொழம்பிட்டேன். ஓட்ட போட்ட துண்டுதான் பிரிஞ்சது. சும்மா துண்டுதான் நின்னுச்சு. வலதுதான் நல்லது.”

அவன் பீடியக் கீழ போட்டு மிதிச்சான். என் கண்ணயே பாத்தான். ஒரு பொட்டு சந்தேகம் இல்ல அதுல. “நல்லவேள இப்பவாவது சொன்ன, மூதி”ன்னு என் தோள்ல தட்டுனான், பிரியமாத்தான் தட்டுனான். “ஏ பேச்சிமுத்து, எல்லாத்தையும் எறக்கு. அந்த அடுக்க ஏத்து.”

“என்னக்கா, பாதி ஏத்துனபொறவா சொல்லுவீங்க?”ன்னு பேச்சிமுத்து தலத் துண்ட அவுத்து ஒதறுதான். ஆவுடையப்பன் ரெண்டும் தங்கம்தான்னு மறுபடியும் சொல்லுதாரு. ஒவ்வொண்ணா எறக்குதாங்க, வலது அடுக்குலேருந்து ஒவ்வொண்ணா ஏத்துதாங்க. கடைசிப் பலக ஏறுனதும் அவன் கயித்தப் போட்டு இறுக்கிட்டு, முடிச்சப் பிடிச்சபடியே என்னத் திரும்பிப் பாத்தான்.

“ஏட்டி, நிச்சயந்தானே?”

“உசிரு விசயம்லா”ன்னேன். “வெளையாடுவேனா?”